குடோனில் பாடியவர்

கண்ணாடி மூடியை எட்வின் தூக்கிப் பிடித்திருக்க, வியாகுலமேரி குனிந்து கணவர் லூர்துநாதனின் விரல்களுக்கிடையே ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் விறைத்துவிட்டன. மணிகள் வழுக்கிப் பெட்டிக்குள் விழுந்தன. மறுபடி எடுத்துச் சுற்றினாள். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. நேற்று மதியம் இதே கையால்தான் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

“சீக்கிரம்மா. குளுரு பூராம் வெளிய போகுது” என்றான் எட்வின்.

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தவன். கண் சிவந்திருந்தது. அழுததாலா, தூங்காததாலா என்று பெற்றவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவன் மூடியை இறக்கி வைத்த நேரத்தில் பந்தலுக்கு வெளியே இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன.

இறங்கியவர்களில் ஒருத்தியை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நேற்று கம்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் புர்கா அணிந்து, லூர்துநாதனின் ஜீப் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள். போனில் கூப்பிட்டதும் அவள்தான். “அண்ணன் மயங்கி விழுந்துட்டாக, குடோன்ல” என்று மட்டும் சொன்னாள். எந்தக் குடோன், என்ன வேலை என்று கேட்க நேரமில்லை. வியாகுலமேரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அவளுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் இறங்கினார். கண்ணாடி போட்டு, முடியைக் கழுத்தோடு வெட்டிய ஒரு பெண். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவளைப்போலத் தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மாள். இன்னும் நாலைந்து பேர். ஒரே மாலையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெட்டிமேல் போட்டுவிட்டு, மற்றவர்களைப்போல ஓரமாகப் போய் உட்காராமல், பெட்டியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். புர்கா அணிந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நேற்றிலிருந்தே ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஜீப் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய மனுஷன் குடோனில் விழுந்து கிடந்ததும், யாரென்றே தெரியாத ஒரு பொம்பளை ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டிருந்ததும் எல்லோருக்கும் தெரியும். வியாகுலமேரிக்குக் காது கேட்காமலில்லை.

லூர்துநாதனின் தங்கை கிளாராதான் எழுந்தாள்.

“நீங்கள்லாம் யாரு? எங்கன இருந்து வர்றீக?”

“கம்பத்துல இருந்துதான். எம்பேரு சாஜிதா. தையல் கடை வச்சிருக்கேன்” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நாங்கள்லாம் அண்ணன் கூடப் பாடுறவுக.”

பந்தலின் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“எங்கண்ணனா? பாடுறதா?” கிளாரா, சாஜிதாவின் முகத்தையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “ஆத்தா, நீங்க வீடு மாறி வந்துட்டீக.”

தொப்பிக்காரப் பெரியவர் தயங்கியபடி திரும்பி, வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தார். படத்தையும் பெயரையும் சரிபார்த்துக்கொண்டார். “இவுகதான்” என்றார். “லூர்துநாதன். ஜீப்பு வச்சிருந்தவுக. எங்களுக்குக் கீழ்க்குரல் அவுகதான்.”

லூர்துநாதன் பாடி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. சூசைபுரத்தில் பாடாதவர்களே குறைவு. மிஷன் காலத்துச் சாமியார்கள் கோயில் கட்டுவதற்கு முன்பே இங்கே பாட்டைக் கட்டிவிட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணம் முடிந்து வந்த அடுத்த மாதமே வியாகுலமேரி பாடகர் குழுவில் சேர்ந்தாள். இன்றுவரை முன்வரிசைதான். அங்கிருந்து பார்த்தால் ஆண்கள் பக்கம் முழுக்கத் தெரியும். எல்லோர் வாயும் திறந்து மூடும்போது லூர்துநாதனின் வாய் மட்டும் மூடியே இருக்கும். ‘ஆமென்’கூட உதட்டளவில்தான். அவருக்கு விசுவாசம் இல்லையோ என்று அவள் பயந்தாள். அதற்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிருக்கிறாள். வருத்தமாக இருந்தாலும் காரணம் கேட்டதில்லை. கேட்டு, அவர் ‘நம்பிக்கை இல்லை’ என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று விட்டுவிட்டாள்.

இப்போது யாரோ வந்து, அவர் பாடுவார் என்கிறார்கள்.

சாஜிதா அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். “மதினி” என்று அவள் கையைப் பிடித்தாள். உறவுக்காரி கூப்பிடுவதைப்போல அவ்வளவு இயல்பாகக் கூப்பிட்டாள். கிளாரா முறைத்தாள். வியாகுலமேரிக்குக் கையை உருவிக்கொள்ளலாமா கூடாதா என்று புரியவில்லை. அந்தக் கையில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. அப்படியே விட்டுவிட்டாள்.

முடி வெட்டிய பெண்ணை எட்வின் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போயிருந்தான். அவன் குரல் உயர்வது கேட்டு வியாகுலமேரி எழுந்து போனாள். துக்க வீட்டில் பெட்டியை விட்டு எழுந்து போகிறாளே என்று யாரோ சொன்னார்கள்.

“அம்மா, இவுக பேரு ஜான்சி. தேனிக்காரவுகளாம்” என்றான் எட்வின். “அப்பா குரல கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காகளாம். ஏஐ.”

ஜான்சி அவளைப் பார்த்ததும் கைகூப்பினாள். சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள், வேறு இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கம்பம் பைபாஸில் ஒரு பழைய திராட்சைக் குடோனை வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். உள்ளே நிறைய ஸ்பீக்கர்களைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எந்தச் சத்தம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வந்தவர்களின் குரலை மெஷின் கற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் குரலிலும் ஒவ்வொரு ஸ்பீக்கரைப் பாட வைக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுப்பாட்டு. வருகிற ஆளைப் பொறுத்துப் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். வார்த்தை கிடையாது.

“என்ன பாட்டு? சாமி பாட்டா?” என்றாள் வியாகுலமேரி.

“எந்தப் பாட்டும் இல்லம்மா. ஆ, ஊ, ம்னு குரல் மட்டும்.”

“அதுக்கு இவுக எதுக்கு வந்தாக?”

“தேனியில இருந்து ஸ்பீக்கர்லாம் அவங்க ஜீப்லதான் வந்துச்சு. எறக்கி வச்சுட்டு, இம்புட்டு ரேடியோப்பெட்டி எதுக்குன்னு கேட்டாங்க. டெஸ்ட் பண்ண ஆள் இல்லாம நின்னுட்டு இருந்தேன். ஏதாச்சும் சத்தம் குடுங்கண்ணேன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க. ரொம்ப நேரம் மாட்டேன்னே சொன்னாங்க. நமக்குச் சுதி சேராதும்மா, சேர்ந்து பாடுறவுகளக் கெடுத்துருவேன்னாங்க.” ஜான்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இங்க சுதி தப்புன்னு ஒண்ணு கிடையாதுண்ணே, நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க மத்த குரல் வந்துரும்னு சொன்னேன். நம்பல. அப்புறம் லேசா ‘ம்’னாங்க. அதான் முதல் குரல். அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரையும் அதுமேலதான் வச்சோம்.”

“தெனமும் வந்தாகளா?”

“தெனமும் மதியத்துக்கு மேல.”

ஜீப் ஸ்டாண்டு. அங்கே போய் என்னதான் பேசுவீர்களோ என்று அவள் சலித்துக்கொண்டதுண்டு. ஊர்க்கதைதான் என்பார்.

எட்வினுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. “நாளைக்கு எங்கப்பா குரல்ல எவனாச்சும் எனக்கே போன் போட்டுப் பணம் கேப்பான். பேப்பர்ல படிக்கத்தான செய்யிறோம். அழிச்சிருங்க.”

“அது பேசாது சார். பாட மட்டும்தான் செய்யும்.”

“அழிச்சிருங்கன்னா அழிச்சிருங்க. எங்கப்பாவ அங்கன நிக்க வச்சு, கத்த வச்சுத்தான் நெஞ்சு அடைச்சுப் போயிருக்கு. போலீஸுக்குப் போகாம இருக்கோம்ல.”

ஜான்சி தலையாட்டினாள். “அழிச்சிரலாம். வீட்டுக்காரங்க சொன்னா அழிச்சிருவேன், அதான் முறை. அம்மா சொல்லட்டும். ஞாயித்துக்கிழமையோட இங்க முடியுது. அப்புறம் கொச்சிக்குப் போறோம்.”

இருவரும் வியாகுலமேரியைப் பார்த்தார்கள். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி அடைத்தாள்.

“மொதல்ல அடக்கம் ஆகட்டும்” என்றாள்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் கிளாரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயில் தணிந்திருந்தாலும் தார் ரோடு சுட்டது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். மருந்தடித்த வாடை.

“மதினி, அந்தப் பொம்பளைக சொல்றத நம்புறீகளா?”

“தெரியல.”

“எங்கண்ணன் சின்னதுல பாடும். கிறிஸ்மஸ் பாட்டுக்குச் சேந்துச்சு. தகரத்த இழுத்தாப்புல கத்தும்.” கிளாரா அழுகைக்கு நடுவே சிரித்தாள். “பாட்டு வாத்தியாரு எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னாடி நிப்பாட்டி, ‘ஏலே, நீ வாய மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது’ன்னாரு. நாங்கள்லாம் உருண்டு உருண்டு சிரிச்சோம். அன்னைக்கு முழுக்க வாய அசைச்சுக்கிட்டே நின்னுச்சு. பாவம்.”

வியாகுலமேரி நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளுக்கு மயக்கம் வருகிறதென்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

“இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே.”

“இதையெல்லாமா சொல்லுவாக?” என்றாள் கிளாரா.

சாமியார் மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, முதல் பிடி மண்ணைப் போட்டார். பாடகர் குழுப் பெண்கள் வழக்கமான அடக்கப் பாட்டைப் பாடினார்கள். வியாகுலமேரியின் குரல் இல்லாததால் பாட்டு கொஞ்சம் மெலிந்திருந்தது. அது அவளுக்கே கேட்டது. மண்ணைப் போட்டுவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் கைகழுவப் போனார்கள்.

தொப்பிக்காரப் பெரியவர் அதுவரை காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்றிருந்தார். கேட்டருகே வந்து செருப்பைக் கழற்றினார்.

“தங்கச்சி, எம்பேரு ராஜா முகம்மது. திராட்சை வியாபாரம்” என்றார். “அவுகளுக்கு நாங்களும் ஒரு தடவ குரல் குடுத்துட்டுப் போறோம். நீங்க சரின்னா மட்டும்.”

உபதேசியார் குறுக்கிட்டார். “இதென்ன பழக்கம்? ஜெபமா, பாட்டா? சாமியாரக் கேக்காம எப்படி?”

“ஒண்ணுமில்லங்க, வெறும் ‘ம்’தான்” என்றார் ராஜா முகம்மது.

எட்வின் வேண்டாமென்று தலையை அசைத்தான். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இன்று எத்தனை தடவைதான் எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள் என்று அவளுக்கு ஆயாசமாக இருந்தது. “செய்யட்டும்” என்றாள். சரியென்று தோன்றியதால் அல்ல. வேண்டாம் என்று சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர்கள் மண்மேட்டைச் சுற்றி நின்றார்கள். ராஜா முகம்மது ஆரம்பித்தார். சாஜிதாவின் குரல் மெல்லியதாகச் சேர்ந்தது. தலையில் துண்டு கட்டிய அம்மாளின் குரல் மூக்கால் வந்தது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கினார். பாட்டு என்று சொல்ல முடியாது. யாரோ பல்வலியில் முனகுவதைப்போலத்தான் இருந்தது. பாடகர் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திடீரென்று எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டதென்று உபதேசியார் சிலுவைக் குறி போட்டார். அப்போது மறுபடி ஆரம்பித்தார்கள்.

முடிந்ததும் சாஜிதா அவளிடம் வந்தாள். “நடுவுல நிப்பாட்டுனோம்ல மதினி, அது அண்ணனோட எடம். அங்கன அவுக மட்டும் பாடுவாக. நாங்க சும்மா நிப்போம்.”

வியாகுலமேரி தலையாட்டினாள். அந்த இடத்தில் அவளுக்குக் கேட்டது ரோட்டில் போன டிராக்டர் சத்தம் மட்டும்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பத்துப் பாத்திரத்தைத் தேய்க்க வந்தவளை விரட்டிவிட்டுத் தானே உட்கார்ந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோபம் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. செத்துப்போன பாட்டு வாத்தியார்மேல் வந்தது. கிளாராமேல் வந்தது. கடைசியில் லூர்துநாதன்மேல் வந்து நின்றது. தன்னிடம் சொல்லியிருக்கலாம். சுதி சேராது என்று ஒரு வார்த்தை. அதற்குப்போய் வேளாங்கண்ணிவரை நடக்க விட்டிருக்கிறார்.

சனிக்கிழமை மதியம், எட்வின் அப்பாவின் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “என்னைய அங்கன கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டாள்.

எங்கே என்று அவன் கேட்கவில்லை. “வர்றேன். ஆனா உள்ள வரமாட்டேன். நீங்களும் கேட்டுட்டு மனசக் கெடுத்துக்காதீக. அழிக்கச் சொல்லிட்டு வந்துருங்க.”

குடோன் பைபாஸை விட்டு உள்ளே தள்ளி, வாழைத்தோப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை. வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது பழம் புளித்த வாடை. எவ்வளவு கழுவியும் அது போகவில்லைபோல. இருட்டாக இல்லை. ஆனால் வெளிச்சம் மேலேயிருந்து துண்டு துண்டாக விழுந்தது. கறுப்புப் பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் கம்பியில் தொங்கின. அவற்றுக்கிடையே ஆட்கள் மெதுவாக நடந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு ‘ஊ’ என்றாள். உடனே குடோன் முழுவதும், ஒரு கூட்டம் திரும்பிப் பார்ப்பதைப்போல, குரல்கள் நகர்ந்தன.

வியாகுலமேரி முப்பது பேர் பாடுகிற குழுவில் நின்றிருக்கிறாள். இது அப்படி இல்லை. இங்கே பாட்டு முன்னாலிருந்து வரவில்லை. இடது காதில் ஒரு கிழவி, வலது காதில் ஒரு குழந்தை, பின்னால் யாரோ ஒரு ஆள். திரும்பினால் ஆள் இல்லை. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது, கோயிலுக்குள் நிற்கிற மாதிரியும் இருந்தது, நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிற மாதிரியும் இருந்தது.

ஜான்சி ஓடிவந்தாள். எதுவும் கேட்காமல் கூடவே நின்றாள்.

“நானே கண்டுபிடிக்கிறேன்” என்றாள் வியாகுலமேரி.

பெட்டி பெட்டியாக நின்று கேட்டாள். அவருடைய எல்லாச் சத்தமும் அவளுக்குத் தெரியும். இருமல், குறட்டை, பல் துலக்கும்போது காறுவது, கம்பமெட்டு ஏற்றத்தில் கியர் மாறாவிட்டால் ஜீப்பைத் திட்டுவது. தூணுக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு பெட்டியின் முன் நின்றாள். கனத்த, தழுதழுத்த குரல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இதுதான்” என்றாள்.

ஜான்சி தயங்கினாள். “அது ராஜா முகம்மது பாய்மா.”

வியாகுலமேரிக்கு முகம் சுட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிற ஆம்பளையின் குரலுக்கா அழுதேன் என்று தோன்றியது.

ஜான்சி அவளைக் குடோனின் நடுவுக்கு அழைத்துப் போனாள். அங்கே தொங்கிய பெட்டியை வியாகுலமேரி முன்பே கடந்துபோயிருந்தாள். நின்றுகூடக் கேட்கவில்லை. இப்போது கேட்டாள். ஆழமாக, அலட்டிக்கொள்ளாமல், ஒரே இடத்தில் நின்ற குரல். கூச்சமே இல்லாத குரல். இருபத்தைந்து வயது ஆளுடைய குரலைப்போல இருந்தது.

“இது அவுக இல்ல” என்றாள்.

“இதுதாம்மா.”

“அவுக இப்பிடிப் பாடுனாகளா?”

“இதேதான்னு சொல்ல முடியாதும்மா. இது ரெக்கார்டு இல்ல. அவங்க பாடுனதத் திருப்பிப் போடல. அவங்க குரல் எப்படி இருக்கும்னு மெஷினுக்குத் தெரியும், அத வச்சு அதுவா பாடுது. இப்ப இது பாடுறத அவங்க பாடுனதே இல்ல. இன்னைக்கு வந்தவங்களுக்காக இன்னைக்குப் பாடுறது.”

“அப்ப அவுகளா, இல்லையா?”

ஜான்சி பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குத் தெரியலம்மா” என்றாள். “நான்தான் செஞ்சேன். ஆனா அவங்க போனதுக்கப்புறம் எனக்கும் தெரியல.”

அந்தப் பதில் வியாகுலமேரிக்குப் பிடித்திருந்தது. நெருங்கி நின்று கேட்டாள். அவர் இப்போது மூச்சு வாங்குவார் என்று காத்திருந்தாள். ஒரு இடத்தில் குரல் நிற்கும், நெஞ்சு நிரம்பும், மறுபடி வரும். பாடுகிறவளுக்கு அது தெரியும். ஆனால் குரல் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்குத்தான் மூச்சு முட்டியது. அடக்கிவைத்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

“இது மூச்சே விடாதா?”

“விடாதும்மா. விட வைக்கலாம். அதுக்கும் ஒரு செட்டிங் இருக்கு. வைக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் அவசரமாக.

கல்லூரிப் பெண் போய்விட்டாள். கூட்டம் குறைந்தது. குரல்கள் தணிந்தன. தணிந்த பிறகும் நடுவில் அந்த ஒரு குரல் மட்டும் மற்றவை வந்து சேரட்டும் என்பதைப்போல நின்றுகொண்டிருந்தது.

“இத எடுத்துட்டா மத்ததெல்லாம் என்னாகும்?”

“ஒண்ணும் ஆகாதும்மா. இது இல்லாத மாதிரி மாத்திக்கும். யாருக்கும் வித்தியாசமே தெரியாது.” ஜான்சி அதைச் சொல்ல விரும்பாமல் சொன்னதைப்போல இருந்தது. “எடுத்துரவா?”

“கொச்சிக்கு எதுல போகுது?”

“இனி லாரிலதான். முதல்ல அண்ணன் ஜீப்பத்தான் கேக்கணும்னு இருந்தேன். அவங்களே முந்திக்கிட்டு, ‘நானே கொண்டாந்து விடுறேன், எனக்கும் அந்தப் பக்கம் மலையாளம் கொஞ்சம் வரும்’னாங்க.”

வியாகுலமேரி சிரித்தாள். எஸ்டேட் கங்காணிகளிடம் அவர் பேசும் மலையாளம் அவளுக்குத் தெரியும். பாதி தமிழ், மீதி கை ஜாடை. சிரித்தது தவறோ என்று சுற்றிலும் பார்த்தாள். சிரிப்புக்கும் குரல்கள் லேசாக அசைந்து அடங்கின.

“சரி, கொண்டு போங்க” என்றாள்.

“நிஜமாவாம்மா? உங்க பையன்...”

“அவங்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கொண்டு போங்க. அங்கன இருக்கவுகளுக்கு இவுகளத் தெரியாதுல்ல, அதனால ஒண்ணுமில்ல.” அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஜான்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் ஒரு குரல் குடுத்துட்டுப் போங்கம்மா. நல்லாப் பாடுவீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காங்க.”

“அவுகளா சொன்னாக?”

“எப்பவும் சொல்லுவாங்க.”

வியாகுலமேரி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த அத்தனை பாட்டும் எங்கோ போய்விட்டிருந்தது. மூடிக்கொண்டாள். “இன்னொரு நாளைக்கு” என்றாள், தான் மறுபடி வரப்போவதில்லை என்பது தெரிந்தும். ஜான்சி வற்புறுத்தவில்லை.

வாசலுக்கு வந்தபோது வெளி வெயிலில் கண் கூசியது. ஜீப்பின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. எட்வின் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தான். ஆட்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தன்னுடையதைத் தேடினாள்.

“அம்மா! நேரமாச்சு!”

“இந்தா வர்றேன்!” என்று குரல் கொடுத்தாள்.

உள்ளே, கூரையில் தொங்கிய மைக்கில் அது விழுந்திருக்க வேண்டும். குழந்தைக் குரல் ஒன்று முதலில் திரும்பியது. பிறகு கிழவி. பிறகு சாஜிதாவாக இருக்கலாம். ஒவ்வொன்றாக, அவள் சொன்ன சொல்லின் கடைசி ஓசையைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் பிறகு, நடுவில் நின்ற அந்த ஆழ்ந்த குரல் மெல்ல இடம் மாறி, அவள் ஓசைக்கு அடியில் வந்து நின்றது.

எட்வின் ஹாரன் அடித்தான்.

ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது. மற்றொரு கால் தரையில் அதன் ஜோடியைத் துழாவிக்கொண்டிருந்தது.